கழுகின் குஞ்சா, குட்டியா, பிள்ளையா?

கேள்வி இதுதான். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் ஒருவர், நீதிமொழிகள் 30:17-ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: "தகப்பனைப் பரியாசம்பண்ணி, தாயின் கட்டளையை அசட்டைபண்ணுகிற கண்ணை நதியின் காகங்கள் பிடுங்கும், கழுகின் குஞ்சுகள் தின்னும்." ஒரு பிள்ளை அதைக் "கழுகுக்குட்டி" என்று திருப்பிச் சொல்லியிருக்கிறது. இன்னொரு பிள்ளை, ஆங்கிலத்தில் ஈக்லெட் என்று தனிச்சொல் இருக்கிறதே, தமிழில் கிடையாதா என்று கேட்டிருக்கிறது. ஆசிரியருக்கும் ஒரு சந்தேகம்: குஞ்சு என்றதும் மஞ்சள் நிறக் கோழிக்குஞ்சுதான் மனதில் வருகிறது, கண்ணைத் தின்கிற பறவைக்கு அந்தச் சொல் பொருந்துமா?

முதலில் நேரான பதில். கழுகின் இளசுக்குத் தமிழில் குஞ்சு என்பதே சரியான, வழக்கில் உள்ள சொல். குட்டி என்பது பொருந்தாது. பிள்ளை, பார்ப்பு என்ற இரண்டும் இலக்கணம் ஒப்புக்கொண்ட பழைய சொற்கள். இதில் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஈக்லெட் தனிச்சொல்தானா என்று பார்த்தால், அது ஈகிள் என்ற பெயரோடு பிரெஞ்சு வழி வந்த 'எட்' என்ற சிறுமை விகுதியை ஒட்டிச் செய்தது. சின்னக் கழுகு என்று சொல்வது போலத்தான். தமிழ் வேறு வழியில் போனது. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு புதுப்பெயர் வைக்காமல், இளமைக்கென்றே சில பெயர்களை வைத்துக்கொண்டு, எந்த உயிருக்கு எது உரியது என்று வகுத்தது. தொல்காப்பியத்தின் மரபியல் தொடங்குவதே இந்தப் பட்டியலோடுதான். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டு போகிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளசு குருளை. ஆடு, குதிரை, மான் வகைகளுக்கு மறி. யானைக்கும் பசுவுக்கும் கன்று. அந்த வரிசையில் பறவைகளுக்கு வரும் நூற்பா இது: "பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை."

கழுகும் பறப்பதுதான். ஆகவே கழுகின் இளசு தொல்காப்பியர் கணக்கில் கழுகுப் பார்ப்பு, அல்லது கழுகுப் பிள்ளை. குட்டி என்ற பெயரை அவர் கீரி, வெருகு, எலி, அணில் போன்ற தரைவாழ், மரம்வாழ் விலங்குகளுக்குத் தருகிறார், பறவைக்குத் தரவில்லை. இன்றைக்கும் நம் காது அதை ஒப்புக்கொள்வதில்லை. கோழிக்குட்டி, காக்கைக்குட்டி என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவோம். கழுகு நாம் அன்றாடம் கூட்டருகே பார்க்கிற பறவை இல்லை என்பதால், அதற்கு மட்டும் குட்டி என்பது காதில் இடறாமல் நழுவிவிடுகிறது. அந்தப் பிள்ளை மேல் தவறில்லை. புலிக்குட்டி, சிங்கக்குட்டி என்று வீரத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகிய சொல் அது. கழுகும் வீரமான பறவைதானே என்று பிள்ளை நினைத்திருக்கும்.

இங்கே ஒன்று கவனித்தீர்களா? இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் குஞ்சு அந்த ஒன்பதில் இல்லை. பார்ப்பு பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. பிள்ளை சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை. ஆனால் இப்போது கீரிப்பிள்ளை என்றால் வளர்ந்த கீரியையும்தான் சொல்கிறோம். இளமை என்ற பொருள் தேய்ந்து செல்லம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காலியிடத்துக்குக் குஞ்சு வந்து உட்கார்ந்துகொண்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறோம். மீன்குஞ்சு, ஆமைக்குஞ்சு என்கிறோம். முட்டையிலிருந்து வருவதெல்லாம் குஞ்சு என்று விதி சொல்லிவிடலாமா என்றால், பாம்புக்குட்டியும் முதலைக்குட்டியும் குறுக்கே நிற்கின்றன. ஆனால் பறவை என்று வந்துவிட்டால் விலக்கே இல்லை. தேன்சிட்டிலிருந்து கழுகு வரை எல்லாமே குஞ்சுதான்.

பழைய சொற்கள் பாட்டில் எப்படி வாழ்ந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலக்கண நூற்பாவைவிட இவைதான் மனதில் நிற்கும். குறுந்தொகை 46-ஆம் பாட்டில் வீட்டுக் குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருவின் தூளில் புரண்டு விளையாடி, வீட்டுக் கூரையின் இறவாரத்தில் "தம் பிள்ளையொடு வதியும்". ஐங்குறுநூறு 44-இல் ஆமையின் இளம் பார்ப்பு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்கிறது. பறப்பவற்றின் பெயர் தவழ்பவற்றுக்கும் பொருந்தும் என்று தொல்காப்பியர் சொன்னதற்கு இது நேர் சாட்சி. அதே நூலின் 41-ஆம் பாட்டில் தன் பார்ப்பையே தின்னும் அன்பில்லாத முதலை வருகிறது. ஆக, பார்ப்பு என்பது கொஞ்சலுக்கு மட்டுமான சொல் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நற்றிணை 3. இளங்கீரனார் பாடியது. பாலை நிலம், வானை முட்டும் வேப்பமரம், அதன் உயர்ந்த கிளையில் ஓர் "ஈன் பருந்து" வருந்திக்கொண்டிருக்கிறது. அடியில், புள்ளி புள்ளியாக விழும் நிழலில், சிறுவர்கள் தரையில் கட்டம் கீறி நெல்லிக்காயை வட்டாக உருட்டி விளையாடுகிறார்கள். பருந்து ஏன் வருந்துகிறது என்று பாட்டு விளக்கவில்லை. கூட்டில் இளசு இருக்கும் பறவையைக் கோடையில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கமும் தேவைப்படாது. பஞ்சு போன்ற தூவி மட்டும் போர்த்திய குஞ்சுக்கு வெயில் ஆகாது. தாய் வெயிலுக்கு முதுகைக் கொடுத்துச் சிறகைக் குடை போல விரித்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். கீழே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நிழலையும் மேலே அந்தப் பறவை படும் பாட்டையும் ஒரே மரத்தில் வைத்த கண் எப்பேர்ப்பட்ட கண்!

சரி, நீதிமொழிக்கு வருவோம். அங்கே இன்னொரு சுவையான செய்தி இருக்கிறது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் குஞ்சு என்ற சொல்லே இல்லை. 'பெனே நேஷெர்' என்று இருக்கிறது: நேஷெரின் புத்திரர், அதாவது கழுகின் பிள்ளைகள். லத்தீன் மொழிபெயர்ப்பும் கழுகின் புத்திரர் என்றே வைத்துக்கொண்டது. கிரேக்க மொழிபெயர்ப்பும் நம் தமிழும் பறவைக் குஞ்சு என்ற சொல்லுக்கு மாறின. தொல்காப்பியம் படித்த ஒருவர் "கழுகின் பிள்ளைகள்" என்று மொழிபெயர்த்திருந்தால் எபிரேயத்துக்கும் பொருந்தியிருக்கும், தமிழ் மரபுக்கும் பொருந்தியிருக்கும். ஆனாலும் குஞ்சு என்று வைத்ததுதான் நல்லது என்பேன். இன்றைய வாசகர் "பிள்ளைகள்" என்பதைப் படித்தால் குழம்புவார்.

வேதாகமத்தில் கழுகின் இளசு வேறு இரண்டு முக்கியமான இடங்களிலும் வருகிறது. ஆச்சரியம் என்னவென்றால், எபிரேயம் மூன்று இடத்திலும் மூன்று வெவ்வேறு சொற்களைப் போடுகிறது. யோபு 39:30-இல் "அதின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சும்" என்று வரும் இடத்தில் 'எஃப்ரோவாஹ்' என்ற சொல். பறவைக் குஞ்சுக்கு உரிய பொதுப்பெயர். 84-ஆம் சங்கீதத்தில் தகைவிலான் குருவி தன் குஞ்சுகளை வைக்கக் கூடு கிடைத்ததே என்று வருகிறதே, அங்கேயும் அதே சொல்தான். உபாகமம் 32:11-இல், கழுகு தன் கூட்டைக் கலைத்துக் குஞ்சுகளின்மேல் அசைவாடும் இடத்தில் 'கோசால்'. ஆதியாகமம் 15:9-இல் ஆபிரகாம் கொண்டுவர வேண்டிய புறாக்குஞ்சுக்கும் அதே கோசால். தமிழில் மூன்றும் ஒன்றாகக் "குஞ்சு" என்று வந்துவிட்டதால், மூலத்தில் இருந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

இதோடு ஆசிரியரின் சந்தேகத்துக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. தகைவிலானின் இளசுக்கும் கழுகின் இளசுக்கும் எபிரேயம் ஒரே சொல்லைப் போடத் தயங்கவில்லை. சொல்லில் மென்மையோ கொடுமையோ இல்லை; கூட்டில் கிடந்து ஊட்டப்படுகிற நிலையைத்தான் அது குறிக்கிறது. கழுகுக் குஞ்சும் அந்த நிலையில்தான் உலகத்துக்கு வருகிறது.

உபாகமத்தின் "அசைவாடி" என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு நிச்சயம் காட்டுங்கள். ஆதியாகமத்தின் தொடக்கத்தில் தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார் என்று வருகிறது அல்லவா? எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அதைக் கவனித்து இரண்டு இடத்திலும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். குஞ்சின்மேல் அசையும் சிறகும் படைப்பின் முதல் அசைவும் ஒன்றையொன்று தொடுவது தமிழ் வாசகருக்கும் கிடைக்கிறது. அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

அடுத்தது, நேஷெர் என்பது எந்தப் பறவை? ஆங்கில வேதாகமம் ஈகிள் என்கிறது. ஆனால் மீகா 1:16 "கழுகைப்போல முழுமொட்டையாயிரு" என்கிறது. ஈகிள் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் பறவைகளுக்குத் தலை நிறைய இறகு உண்டு. தலையும் கழுத்தும் மொட்டையாகவோ மெல்லிய தூவியோடோ இருப்பது பிணந்தின்னிக் கழுகுக்குத்தான். யோபு புத்தகத்தில் கர்த்தரும் "பிணம் எங்கேயோ அங்கே கழுகு சேரும்" என்கிறார். அரபியில் இதற்கு இனமான 'நஸ்ர்' பிணந்தின்னியைக் குறிக்கும். இன்றைய இஸ்ரேலில் பறவை ஆய்வாளர்கள் நேஷெர் என்று சொல்வது அந்நாட்டுப் பாறைச் சரிவுகளில் கூடு கட்டும் பெரிய பிணந்தின்னிக் கழுகைத்தான். ஈகிளுக்கு 'அயித்' என்று வேறு பெயர் இருக்கிறது. ஆகவே இந்த வசனங்கள் பலவற்றில் பேசப்படுவது பிணந்தின்னிக் கழுகு என்றே நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு வசதி. கழுகு என்ற நம் சொல் இரண்டையும் சேர்த்தே குறிக்கும். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் மலைமேல் வந்து சோறு உண்டு போன அந்த இரண்டு பறவைகள் ஈகிள் இல்லை; மஞ்சள் முகமும் வெள்ளை உடலும் கொண்ட சிறிய பிணந்தின்னிக் கழுகுகள். சில பத்தாண்டுகளாக அவை வருவதில்லை. ஊரின் பெயரிலேயே கழுகு நிற்கிறது. இப்போது பறவை நோக்குவோர் குழப்பம் வராமலிருக்க, பிணந்தின்னிக்குப் பாறு என்ற பழஞ்சொல்லை மீட்டெடுத்து, வேட்டையாடுவதைக் கழுகு என்று பிரித்து எழுதுகிறார்கள். அது அறிவியல் எழுத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் வேதாகமத்தின் "கழுகு" மொழிபெயர்ப்புப் பிழை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆங்கிலத்தின் ஈகிளைவிட நம் கழுகுதான் நேஷெருக்கு நெருக்கம்.

நீதிமொழியின் காட்சியும் இதனால் தெளிவாகிறது. "நதியின் காகங்கள்" என்பதில் உள்ள நதி, மழைக்கு மட்டும் ஓடும் காட்டாறு. அங்கே அடக்கம் செய்யாமல் கிடக்கும் உடல். காகத்தின் அலகால் தடித்த தோலைக் கிழிக்க முடியாது. அதனால் அது முதலில் கண்ணுக்குத்தான் வரும். தோலைக் கிழித்து முழுதும் தின்பது பிணந்தின்னியின் வேலை. நேரில் பார்த்தவர் எழுதிய வரிசை அது. ஆனால் குஞ்சு எப்படி உடலருகே வந்து தின்னும்? அது பறக்காதே. தாயும் தந்தையும் தின்று, இரைப்பையில் நிரப்பிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பி, கக்கி ஊட்டும். அப்படித்தான் குஞ்சு தின்கிறது. 'பெனே' என்பதை இன்னொரு விதமாகவும் கொள்ளலாம். எபிரேயத்தில் அது ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற பொருளிலும் வரும். "தீர்க்கதரிசிகளின் புத்திரர்" என்பது தீர்க்கதரிசிகளின் பிள்ளைகளை அல்ல, அந்தக் குழுவினரைக் குறிக்கிறது. அப்படிப் பார்த்தால் பெனே நேஷெர் என்பது கழுகு இனத்தவை என்றும் ஆகும். நான் இரண்டாவது பொருளின் பக்கம் சாய்கிறேன். பாடத்தில் குஞ்சு என்றே சொல்லுங்கள், வசனத்தை மாற்ற வேண்டியதில்லை.

வேட்டையாடும் கழுகின் குஞ்சு வளரும் விதம் வேறு. அதற்கு இரை கக்கி ஊட்டப்படுவதில்லை. பெற்றோர் காலில் பற்றிக்கொண்டு வந்த மீனையோ முயலையோ கூட்டில் வைத்து, மெல்லிய துண்டுகளாகக் கிழித்து அலகு நுனியில் நீட்டும். வட அமெரிக்காவின் வெண்தலைக் கழுகில் அடைகாக்கும் காலம் சுமார் 35 நாள். முட்டைகள் ஒன்று முதல் மூன்று. ஒரே நாளில் பொரிவதில்லை. முதலில் வந்தது பெரிதாக இருப்பதால் இரையை அதுவே முந்தி வாங்கும். பற்றாக்குறை வந்தால் இளையது செத்துப்போவதும் உண்டு. ஆப்பிரிக்காவின் வெரோ கழுகில் நிலைமை இன்னும் கடுமை: பெரும்பாலும் இரண்டு முட்டை, மூத்த குஞ்சு இளையதைக் கொத்திக் கொத்திக் கொன்றுவிடும், கூட்டில் இரை குவிந்து கிடந்தாலும்கூட. பெற்றோர் தடுப்பதில்லை.

தாய்க்கழுகு குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிட்டுப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். அப்படி நடப்பதில்லை. 10 முதல் 12 வாரத்தில் வெண்தலைக் கழுகின் குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகும். காற்று வரும்போது ஓரடி எழும்பி மறுபடி கூட்டிலேயே இறங்கும். பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவும். பெற்றோர் இரையைக் கூட்டுக்குக் கொண்டுவராமல் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்வதும் உண்டு. பறந்த பிறகும் பல வாரங்கள் ஊட்டுவார்கள். உபாகமத்தின் "செட்டைகளின்மேல் சுமந்து" என்பதை நம்பத்தகுந்த எந்த நோக்கரும் கழுகில் கண்டதில்லை. அது பாட்டு, தேவன் இஸ்ரவேலைச் சுமந்ததைச் சொல்லும் பாட்டு. பாட்டாகவே சொல்லிக்கொடுங்கள். 40 வயதில் கழுகு தன் அலகைப் பாறையில் உடைத்துக்கொண்டு புதிதாக வளர்த்துக்கொள்ளும் என்ற கதையும் பொய். அலகு உடைந்த கழுகு பட்டினியில் செத்துவிடும்.

இப்போது சொல்லுக்கே திரும்பி, ஒரு நடைமுறை யோசனை. கூட்டில் இருக்கும் வரை கழுகுக் குஞ்சு என்று எழுதுங்கள். கூட்டை விட்டுப் பறந்த பிறகு குஞ்சு என்பது பொருந்தாது. அதற்கு இளங்கழுகு என்ற சொல் அழகாக உட்காரும். இந்தப் பருவம் நீளமானது: வெண்தலைக் கழுகின் தலை வெளுக்கச் சுமார் 5 ஆண்டு ஆகும். அதுவரை உடல் முழுக்கப் பழுப்பு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கடலோரம் பறக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகின் இளம்பறவையும் அப்படித்தான், வயிறு வெளுப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். இன்னொரு வேடிக்கை: முதல் ஆண்டு இறகுகள் நீளமாக இருப்பதால் இளங்கழுகு பல இனங்களில் தாயைவிடப் பெரிதாகத் தோன்றும். "இவ்வளவு பெரியதைக் குஞ்சு என்பதா" என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

முட்டை ஓடு உடைந்துபோய்க் குஞ்சே இல்லாமல் போன காலமும் இருந்தது. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகின் உடம்புக்குள் போனதால் ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்க மாநிலங்களில் கூடு கட்டிய வெண்தலைக் கழுகு 417 இணை மட்டுமே. 1972-இல் டிடிடியைத் தடைசெய்தார்கள். 2007-இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து பறவையை எடுத்தார்கள். நம் பக்கத்தில் பாறுகளை வீழ்த்தியது கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. அந்த மாட்டின் உடலைத் தின்ற பாறு சிறுநீரகம் செயலிழந்து சாகும். இந்தியா 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடைசெய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99-க்கும் மேல் போய்விட்டன.

நீலகிரியின் அடியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை இன்னும் கூடு கட்டுகின்றன, கரையோரத்து நீர்மத்தி மரங்களின் உச்சியில். ஓர் இணைக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை. அது பொரிந்தால் ஒரே குஞ்சு, மூன்று மாதத்துக்கும் மேல் அந்த உச்சியிலேயே. வெயில் ஏறும்போது பெரிய பறவை சிறகை விரித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்கும்.